பிரித்தானியா பிரிந்து போனது: நம்ம மலைக்கு என்ன ஆச்சு?



"ஜி.எஸ்.பி. பிளஸ்", "பிரெக்சிட்", "வரிச் சலுகை" என்ற வார்த்தைகள் வானொலியிலும் பத்திரிகையிலும் அடிக்கடி அடிபடுகின்றன. பெரட்டுக் களத்திலும் கடை வாசலிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, நமக்கு என்ன?" என்று யாராவது ஒருவர் சொல்லி முடித்து விடுவார். அப்படி முடித்து விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. தூரத்து நாடு ஒன்று ஒரு கூட்டை விட்டு விலகினால், அதனோடு வியாபாரம் செய்யும் மற்ற நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி அடி விழுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு விழும், பக்கத்து மாவட்டத்துக்கு விழாது. நம்ம மலைக்கு அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கூட்டுச் சந்தை என்றால் என்ன?

ஒரு தோட்டத்தில் ஐந்து டிவிசன் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஐந்துக்கும் ஒரே தராசு, ஒரே கணக்கு, ஒரே சட்டம். ஒரு டிவிசனில் இருந்து இன்னொரு டிவிசனுக்குச் சாமான் கொண்டு போனால் யாரும் மறித்துக் கேட்பதில்லை. வெளியில் இருந்து வரும் சாமானுக்கு மட்டும் பெரிய கேற்றில் சோதனை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் என்பதும் ஏறக்குறைய இப்படித்தான். உள்ளே உள்ள நாடுகளுக்கிடையில் சுங்கத் தீர்வை கிடையாது. வெளியில் இருந்து வரும் பொருளுக்கு எல்லா நாடுகளும் ஒரே தீர்வையை அறவிடும்.

இப்போது அதில் பெரிய டிவிசன் ஒன்று, "இனி எனக்குத் தனித் தராசு, தனிக் கேற்று" என்று பிரிந்து போனால் என்ன ஆகும்? முதலில் கஷ்டப்படுவது அந்தப் புதுக் கேற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்து, தினமும் அந்தப் பக்கம் சாமான் விற்றுப் பிழைத்த குடும்பங்கள்தான். தூரத்து டிவிசன்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது.

பிரித்தானியா 1973ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி இந்தக் கூட்டில் சேர்ந்தது. 2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில் விலகுவது என்று முடிவானது. 2020 ஜனவரி 31ஆம் திகதி சட்டப்படி விலகியது. அந்த வருடம் முடியும் வரை பழைய நடைமுறையே இருந்தது. 2021 ஜனவரி 1ஆம் திகதியில் இருந்துதான் புதுக் கேற்றில் உண்மையான சோதனை தொடங்கியது.

அயர்லாந்தில் நடந்தது

இதைப் புரிந்து கொள்ள, பிரித்தானியாவுக்குப் பக்கத்து நாடான அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். அது இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் நாடு.

அங்கே மொனஹன் போன்ற பகுதிகளில் காளான் வளர்ப்பது பெரிய தொழில். நம்ம பெண்கள் கொழுந்து பறிப்பது போல அங்கேயும் காளானைக் கையால்தான் பறிக்கிறார்கள். பறித்த காளானில் பெரும் பகுதி பிரித்தானியக் கடைகளுக்குத்தான் போனது. விலையும் பிரித்தானியப் பவுணில் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பவுணின் மதிப்பு டொலருக்கு எதிராக சுமார் 8 வீதம் விழுந்தது. 1985க்குப் பிறகு அதுவரை அவ்வளவு கீழே பவுண் போனதில்லை. காளான்காரருக்கு வருமானம் பவுணில், செலவும் சம்பளமும் யூரோவில். கையில் வந்த பவுணை மாற்றிப் பார்த்தால் சம்பளம் கொடுக்கக் காணாது. சில மாதங்களுக்குள் சில காளான் பண்ணைகள் மூடப்பட்டன. கவனியுங்கள், அப்போது பிரித்தானியா இன்னும் விலகவே இல்லை. கேற்றும் போடவில்லை, வரியும் போடவில்லை. "விலகப் போகிறேன்" என்று சொன்னதற்கே இந்த அடி.

அதே நாட்டில் இன்னொரு ஊருக்கு நல்ல காலம் பிறந்தது. முன்பு அயர்லாந்தின் லொறிகள் கப்பலில் வேல்ஸ் பகுதியில் உள்ள ஹோலிஹெட் துறைமுகத்துக்குப் போய், பிரித்தானியா வழியாக ஓடி, மறுபடி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். 2021இல் சோதனையும் பத்திரங்களும் வந்த பிறகு, லொறிக்காரர்கள் பிரித்தானியாவைச் சுற்றிக் கொண்டு, அயர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள ரொஸ்லெயார் துறைமுகத்தில் இருந்து நேரடியாகப் பிரான்ஸ் பக்கம் போகத் தொடங்கினார்கள். ரொஸ்லெயாரில் கப்பலும் வேலையும் கூடின. ஹோலிஹெட்டில் போக்குவரத்து குறைந்தது.

ஆகவே ஒரே சம்பவம். ஒரு ஊரில் வேலை போனது, இன்னொரு ஊரில் வேலை வந்தது. "நாட்டுக்கு இலாபமா நட்டமா" என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். "எந்த ஊருக்கு, எந்தத் தொழிலுக்கு" என்று கேட்க வேண்டும். அதே கேள்வியை இனி நம்ம நாட்டுக்குக் கேட்போம்.

நம் தேயிலைக்கு அடி விழுந்ததா?

நேரடியாக விழவில்லை. இதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதலாவது, கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்கத் தீர்வை அறவிடுவதில்லை. பிரித்தானியா உள்ளே இருந்தபோதும் இல்லை, வெளியே போன பிறகும் அங்கே இல்லை. தீர்வையே இல்லாத பொருளுக்குச் சலுகை போய்விடுமே என்ற பயமும் இல்லை.

இரண்டாவது, பிரித்தானியா இப்போது நம்முடைய முதல் வாடிக்கையாளர் அல்ல. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் இருந்து நீண்ட காலம் நம்ம தேயிலை லண்டனை நம்பித்தான் இருந்தது. கொழும்பில் 1883இல் ஏலம் தொடங்கிய பிறகும் லண்டன் ஏலத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போனது. இன்று ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு இராச்சியம், துருக்கி, ஈரான், லிபியா போன்ற நாடுகள்தான் நம்மிடம் அதிகமாக வாங்குகின்றன. பிரித்தானிய மக்கள் குடிக்கும் தேயிலையில் மிகப் பெரிய பங்கு கென்யாவில் இருந்து போகிறது. லண்டன் தேயிலை ஏலமும் 1998 ஜூன் 29ஆம் திகதி கடைசியாக நடந்து மூடப்பட்டது.

இந்த மெதுவான மாற்றத்திலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. மத்திய கிழக்கு நாடுகளும் ரஷ்யாவும் துருக்கியும் அதிகம் விரும்புவது கடும் நிறமுள்ள, முறுக்கிய இலைத் தேயிலை. அது இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. நம்ம நுவரெலியா, டிம்புள்ள, டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனைப் பக்கத்து உயர்நிலத் தேயிலை மணத்துக்கும் இளம் நிறத்துக்கும் பேர் போனது. அதை ஜேர்மனி, ஜப்பான், பிரித்தானியா போன்ற நாட்டுக்காரர்கள்தான் தேடி வாங்குவார்கள். மேற்கு நாட்டுச் சந்தை சுருங்கி, கிழக்கு நாட்டுச் சந்தை பெருகப் பெருக, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 60 வீதம் தாழ்நிலத்தில் இருந்தே வரும் நிலை உண்டானது. கொழும்பு ஏலத்திலும் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலை பெரும்பாலும் நம்மதைவிட அதிகமாகவே இருந்து வருகிறது. தாழ்நிலத்தில் சிறு தோட்டக்காரர்கள் வளர்ந்தார்கள். நம்ம மலையில் பழைய செடிகள் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன.

ஏல விலை விழுந்தால் நம்ம நாட்சம்பளம் உடனே குறையாது, அது பேசி முடிவு செய்யப்பட்ட தொகை. ஆனால் வேலை நாள் குறையும், சில மலைகள் காடாக விடப்படும், கவ்வாத்துக்கும் உரத்துக்கும் பணம் இல்லை என்பார்கள். செக்ரோலில் பேர் குறைவதுதான் உலகச் சந்தை நம்ம வீட்டுக்குள் வந்து நிற்கும் விதம்.

பிள்ளைகள் அனுப்பும் பணம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நம்ம லயங்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் காமன்ட் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா கொழுந்து எடுக்கிறாள், மகள் தையல் இயந்திரத்தில் இருக்கிறாள். 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பிறகு கிராமப் புறங்களிலும் காமன்ட் வந்து விட்டது. தேயிலை ஏற்றுமதியால் 2023இல் நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 131 கோடி டொலர். ஆடை ஏற்றுமதியால் கிடைப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த ஆடைகளை வாங்குவதில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய சந்தை ஐரோப்பாவும் பிரித்தானியாவும்தான்.

தேயிலைக்கு இல்லாத தீர்வை ஆடைக்கு உண்டு. சலுகை இல்லாவிட்டால் 12 வீதம் வரை. ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகை கிடைத்தால் பூச்சியம். இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் போடும் நிபந்தனை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்ட் 15ஆம் திகதி இலங்கைக்கு இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. தீர்வை பூச்சியத்தில் இருந்து 9.6 வீதமாக ஏறியது. பெரிய கம்பனிகள் எப்படியோ தாக்குப் பிடித்தன. சிறிய தொழிற்சாலைகளுக்குத்தான் ஓடர் குறைந்து கஷ்டம் வந்தது. 2017 மே 19ஆம் திகதி சலுகை மறுபடி கிடைத்தது.

இப்படிப் பட்டு அனுபவித்ததால்தான் பிரித்தானியா விலகுகிறது என்றதும் இங்கே பயம் வந்தது. ஏனென்றால் அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. ஒன்றியத்தை விட்டுப் போன பிரித்தானியா அதைக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அது ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால், 2021 ஜனவரி 1ஆம் திகதி முதல் லண்டனுக்குப் போகும் நம்ம சட்டைக்கும் உள்ளாடைக்கும் தீர்வை ஏறியிருக்கும். நல்ல வேளையாகப் பிரித்தானியா அதே நாளில் தன்னுடைய சொந்தச் சலுகைத் திட்டத்தைத் தொடங்கி, இலங்கையையும் அதில் சேர்த்தது. 2023 ஜூன் 19ஆம் திகதி முதல் அதற்குப் பதிலாக, வளர்ந்து வரும் நாடுகளுக்கான புதிய வர்த்தகத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதிலும் கூடுதல் சலுகை பெறும் நாடாக உள்ளது.

அப்படியென்றால் எதுவும் மாறவில்லையா? மாறியது. முன்பு ஒரே சட்டப் புத்தகம், இப்போது இரண்டு. சலுகை பெற வேண்டுமானால் அந்த ஆடை இலங்கையில்தான் செய்யப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். துணி எங்கே நெய்யப்பட்டது என்ற கேள்வி அதில் முக்கியம். நம்ம நாட்டில் துணி நெய்வது குறைவு, பெரும்பாலும் சீனாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் வருகிறது. அதனால் சலுகை இருந்தும் ஒரு பகுதி ஆடைகளுக்கு அது கிடைப்பதில்லை. 2025 ஜூலையில் பிரித்தானியா இந்தத் துணி விதியைத் தளர்த்துவதாக அறிவித்தது. இலங்கைத் தொழிற்சாலைகள் வேறு நாட்டுத் துணியைப் பாவித்துத் தைத்தாலும் தீர்வை இல்லாமல் அனுப்ப அது வழி விடுகிறது. பிரிந்து போன நாடு தனக்கென்று விதி செய்யலாம் என்பதில் இப்படி ஒரு நன்மையும் உண்டு. ஆனால் தனியாகக் கொடுப்பவர் தனியாக நிறுத்தவும் முடியும் என்பதை மறக்கக் கூடாது. பாரதூரமான உரிமை மீறல் நடந்தால் சலுகையை இடைநிறுத்தும் அதிகாரம் பிரித்தானியாவிடமும் இருக்கிறது.

ஆகவே, தொழிற்சங்கத்தில் சேரும் உரிமை, சிறுவரை வேலைக்கு வைக்காமை போன்றவை வெறும் சட்டப் புத்தகத்து விஷயம் அல்ல. மகள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஓடர் வருவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

மருந்து அடித்த கொழுந்தும் இரண்டு சட்டப் புத்தகமும்

தீர்வை இல்லாத நம்ம தேயிலைக்கு இன்னொரு கேற்று இருக்கிறது. அது இரசாயன எச்சம் பார்க்கும் சோதனை. எந்த மருந்து எவ்வளவு மீந்திருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அளவு வைத்திருக்கிறது. தனி அளவு சொல்லப்படாத மருந்துக்குப் பொதுவான அளவு, ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு இலட்சம் கிலோ தேயிலையில் ஒரு கிராம். அவ்வளவு நுணுக்கம்.

2021 முதல் பிரித்தானியா இந்த அளவுகளைத் தானே தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தாலும், இனி ஒவ்வொருவரும் தனித்தனியாக மாற்றலாம். பிரித்தானியாவின் பகுதியான வட அயர்லாந்தில் மட்டும் பொருட்களுக்கு ஐரோப்பிய விதி தொடர்கிறது. ஆகவே ஒரு வாங்குபவர் ஒரே தேயிலையை இரண்டு பக்கமும் விற்க நினைத்தால், இரண்டில் எது கடுமையோ அதற்குத்தான் சரக்கைக் கேட்பார். அந்தக் கடுமை கடைசியில் நம்ம மலையில் வந்துதான் முடியும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2015இல் கிளைபொசேட் களைநாசினி நாட்டில் தடை செய்யப்பட்டது. பல இடங்களில் வேறு களைநாசினிகள் பாவனைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் நம்ம தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறைப்பாடு செய்து, சோதனையை இறுக்கியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபொசேட் தடை நீக்கப்பட்டது. ஜப்பான் போன்ற நல்ல விலைச் சந்தைக்குப் போவது அதிகமும் மலைநாட்டுத் தேயிலை என்பதால், அந்தத் தலைவலி நமக்குத்தான் கூடுதலாக இருந்தது.

நாம் செய்யக் கூடியவை

லண்டனிலும் பிரசெல்சிலும் எடுக்கும் முடிவை நாம் மாற்ற முடியாது. ஆனால் அடி வரும் வழி தெரிந்தால் கொஞ்சம் தயாராக இருக்கலாம்.

மருந்து அடித்த மலையில், குறித்த நாட்கள் கழியும் முன் கொழுந்து எடுக்க வேண்டாம். எத்தனை நாள் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் மருந்துக்கு மருந்து சொல்லியிருக்கிறது. கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அது உங்கள் உடம்புக்கும் நல்லது.

மருந்துப் போத்தல், பீப்பாய், உரச் சாக்கு எதையும் கொழுந்துக்குப் பக்கத்தில் கொண்டு வர வேண்டாம். மரக்கறித் தோட்டத்துக்குக் கடையில் வாங்கிய மருந்தை, காற்று தேயிலைப் பக்கம் வீசும்போது அடிக்க வேண்டாம். ஒரு வீட்டுத் தோட்டத்து மருந்து ஒரு ஸ்டோரின் முழுச் சரக்கையும் கெடுக்கலாம்.

காமன்டில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நியமனக் கடிதமும் சம்பளத் துண்டும் சேமலாப நிதி இலக்கமும் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டப்பட வேண்டும். ஓடர் குறைந்தது என்று சொல்லித் திடீரென வேலையை நிறுத்த முடியாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே, "இதில் ஒரு கையெழுத்து வை" என்று நீட்டும் கடிதம் இராஜினாமாக் கடிதமாக இருக்கலாம். வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் அருகில் உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மொனஹன் காளான்காரரின் கஷ்டம், ஒரே நாட்டுச் சந்தையை நம்பி இருந்ததால் வந்தது. ஒரே வருமானத்தை நம்பி இருக்கும் குடும்பத்துக்கும் அதே கதைதான். அம்மாவின் செக்ரோல், மகளின் காமன்ட் சம்பளம் இரண்டும் வேறு வேறு சந்தையில் தங்கியிருப்பது ஒரு வகையில் நல்லது, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். வருமானம் இரண்டும் வரும் மாதத்தில் ஒரு சிறு தொகையையாவது ஒதுக்கி வையுங்கள். மூன்றாவது காலாக, படிக்கிற பிள்ளையைச் சாதாரண தரத்தோடு நிறுத்தி விடாமல் உயர்தரத்துக்கோ தொழிற்பயிற்சிக்கோ அனுப்புங்கள். அடுத்த முறை எந்த நாடு எந்தக் கூட்டை விட்டுப் போனாலும், கையில் தொழில் உள்ள பிள்ளை வேறு வழி தேடிக் கொள்ளும்.